பல்லில் படியும் படலமும் அதன் பிணைப்பும்

கெங்குவார்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் வேப்பங்குச்சியை மென்று நாராக்கிப் பல் துலக்குவோரை இன்றும் காணலாம். உகா மரத்தின் மிஸ்வாக் நமக்கு நன்கு அறிமுகமானதே. இவ்விரண்டின் மருந்துச் சத்தைப் பற்றி நிறையப் பேசும் நாம், உராய்வின் பங்கை அவ்வளவாக எண்ணுவதில்லை. கொப்பளித்தாலே போதாதா, தேய்ப்பது எதற்கு என்னும் வினாவுக்கு விடை, வாயில் வாழும் பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் இருக்கிறது.

பல்லைத் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் அதன்மீது மெல்லிய உறையாகப் படிகின்றன. அவ்வுறையில் முதலில் குடியேறுவோர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் இனத்தினர். பின்வருபவை இவற்றின்மீது ஒட்டிக்கொள்கின்றன. வெவ்வேறு இனங்கள் இவ்வாறு ஒன்றையொன்று பற்றுவதை 1970இல் கிப்பன்ஸ், நைகார்டு ஆகியோர் ஆய்வுக்கூடத்தில் காட்டினர்.

அச்சோதனை எளிமையானது. தனித்தனிக் குழாய்களில் கலங்கலாக நிற்கும் இரு பாக்டீரியாக்களை ஒன்றாக ஊற்றிக் குலுக்கினால், அவை திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும், மேல்நீர் தெளியும். ஆக்டினோமைசிஸை முன்னரே சூடாக்கிவிட்டால் திரட்சி நிகழாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சூடாக்கினாலோ தடையில்லை. காரணம், பற்றும் கை ஆக்டினோமைசிஸின் நுண்ணிழைகளில் உள்ள புரதம். வெப்பம் அதைச் சிதைத்துவிடுகிறது. பற்றப்படுவதோ மற்றதன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலி. அது வெப்பத்தைத் தாங்கும். பாலிலுள்ள லாக்டோஸைச் சேர்த்தால் அச்சர்க்கரை புரதத்தின் பிடியில் தானே போய் அமர, திரட்சி கலைகிறது. (இதைக் கொண்டு பால் குடித்தால் பல் தூய்மையாகும் என்று யாரும் கருதிவிட வேண்டாம். லாக்டோஸையும் புளிக்கச் செய்து அமிலமாக்கும் கிருமிகள் வாயில் உண்டு.)

இக்கூட்டத்தில் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பாலம் போன்றது. நீண்ட உடலுடைய அது, ராட்-டி என்னும் புரதத்தால் முன்வந்தோரைப் பற்றுகிறது. ஃபாப்-2 என்னும் புரதத்தால் ஈறுநோய்க்குக் காரணமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸைப் பிடித்துவைக்கிறது. இதே ஃபாப்-2, பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களின் மேல் மிகுந்திருக்கும் ஒருவகைச் சர்க்கரையையும் பற்றுவதாக 2016இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. புற்றுக்கு அக்கிருமியே மூலகாரணம் என்று இதனால் முடிவு கட்டலாகாது. எனினும், வாய்க்கிருமி வாயோடு நின்றுவிடுவதில்லை என்பது தெளிவு.

இத்தனை பிடிகளால் இறுகிய படலத்தை நீர் அசைப்பதில்லை. கிருமிநாசினியும் உட்புறம் எளிதில் எட்டுவதில்லை. குச்சியின் நார் தேய்க்கையில் அடுக்குகள் பெயர்கின்றன. ஒளூவின்போது பலமுறை மிஸ்வாக் செய்பவரின் பல்லில் படலம் முதிர அவகாசம் குறைவு. நாள்கணக்கில் விட்டுவிட்டால் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து ஏறி அது காரையாகிறது. பிறகு வேம்பாலும் உகாவாலும் பயனில்லை, பல் மருத்துவரின் கருவிதான் அதைச் சுரண்ட வேண்டும்.