உங்களுக்குத் தெரியுமா? தீக்கு நான்கு நாள் முன்பு இறங்கிய சிலைகள்

பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றி எரிந்து, அதன் கூர்முனைக் கோபுரம் சரிந்ததை உலகமே பார்த்தது. ஆனால் கோபுரத்தின் அடியைச் சுற்றி நின்ற 16 செப்புச் சிலைகள் தப்பித்தன. பழுதுபார்ப்பதற்காக ஏப்ரல் 11 அன்றுதான் கிரேன் வைத்து அவற்றை இறக்கியிருந்தார்கள்!

12 திருத்தூதர்கள், நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்கள் என அத்தனையையும் வடித்தவர் அடோல்ஃப் விக்டர் ஜெஃப்ராய் தெஷோம் (1816–1892). தொடக்கத்தில் நகைக்கடைகளுக்கும் வெள்ளிப் பாத்திரக்காரர்களுக்கும் மாதிரி செய்து பிழைத்தவர். பின்னர் பேராலயத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியொலே லெ துக்கின் நம்பிக்கைக்குரிய சிற்பியானார். பிரெஞ்சுப் புரட்சியில் உடைக்கப்பட்ட முகப்புச் சிலைகளை மீண்டும் உருவாக்கியதும் அவர் தலைமையிலான குழுவே.

கோபுரச் சிலைகள் வார்த்தவை அல்ல. செப்புத் தகட்டைத் தட்டி வடிவாக்கி, உள்ளே இரும்புச் சட்டத்தில் பொருத்தியவை. சுமார் மூன்று மீட்டர் உயரம்.

இதில் ஒரு குறும்பும் உண்டு. மற்றத் தூதர்கள் நகரைப் பார்த்து நிற்க, தோமையார் மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதாக வடிக்கப்பட்டிருக்கிறார். நம் சாந்தோமுக்குப் பெயர் தந்த அதே தோமையார், கட்டடக் கலைஞர்களின் காவலர். ஆனால் முகம் வியொலே லெ துக்கினுடையது! தான் எழுப்பிய கோபுரத்தைத் தானே ரசிக்கும் அந்தச் சிலையின் கையில் ஓர் அளவுகோலும் இருக்கிறது.