சென்னையில் வாங்கிய வைரம்! சீமையில் வாங்கிய நிலம்!

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் வழியில் நுங்கம்பாக்கம் வரும். அப்புறம் கோட்டை ரெயில் நிலையம் வரும். இந்த இரண்டு இடங்களோடும் சம்பந்தப்பட்டவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர், தாமஸ் பிட்.

1698 முதல் 1709 வரை கோட்டையில் கவர்னராக இருந்தவர் அவர். நுங்கம்பாக்கம், திருவொற்றியூர் உள்பட 5 கிராமங்கள் கிழக்கிந்திய கம்பெனிக்குக் கிடைத்தது அவர் காலத்தில்தான். ஆண்டு 1708.

அது கம்பெனிக்கு. தனக்கென்று அவர் நிலம் வாங்கியது இங்கிலாந்தில்!

பாதிரியார் மகன்

பிட் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை அல்ல. 1653-ல் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். கம்பெனியின் அனுமதி இல்லாமலே இந்தியாவுக்கு வந்து வியாபாரம் செய்தார். பிடித்து அபராதம் போட்டார்கள். அப்படியும் அடங்கவில்லை. கடைசியில், அபராதம் போட்ட கம்பெனியே அவரைக் கவர்னர் ஆக்கியது. கெட்டிக்காரரை வெளியே விட்டு வைப்பதைவிட உள்ளே வைத்துக்கொள்வது மேல் அல்லவா?

கவர்னருக்குச் சம்பளம் சொற்பம். ஆனால் சொந்த வியாபாரம் செய்து கொள்ளலாம். அதில்தான் காசு!

2 லட்சம் கேட்டார்

1701-ம் ஆண்டு, ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி ஒரு பட்டை தீட்டாத வைரத்தோடு வந்தார். எடை 410 காரட்! 2 லட்சம் வராகன் கேட்டார். பிட் விடாமல் பேரம் பேசினார். முடிவான விலை 48 ஆயிரம் வராகன். இங்கிலாந்துப் பணத்தில் சுமார் 20 ஆயிரம் பவுன்.

1702-ல் மூத்த மகன் ராபர்ட் அதைக் கப்பலில் கொண்டு போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "மிரட்டிப் பறித்துவிட்டார்" என்று பேசினார்கள். சுரங்கத்து அடிமை ஒருவன் காலைக் கீறி, புண்ணுக்குள் கல்லை ஒளித்துக் கடத்தினான் என்றும், ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்று அதைப் பறித்தான் என்றும் ஒரு கதை. சினிமாவுக்கு ஏற்ற கதை. ஆதாரம் கிடையாது. ஆனாலும் பிட்டுக்கு அது உறுத்தியது. ஊர் திரும்பும் வழியில், 1710-ல், நார்வே நாட்டு பெர்கன் நகரில் உட்கார்ந்து, "நியாயமாகத்தான் வாங்கினேன்" என்று சத்தியம் செய்து எழுதி வைத்தார்.

பட்டை தீட்டியதும் வைரம் 140 காரட் ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய கல்லை வாங்க ஆள் வேண்டுமே! 1717-ல்தான் விற்றது. வாங்கியவர் பிரான்சு தேசத்தை அப்போது ஆண்ட ஆர்லியன்ஸ் பிரபு. விலை 1 லட்சத்து 35 ஆயிரம் பவுன்! அந்த வைரம் இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

ஆள் இல்லாத தொகுதி

அதே ஆண்டில் கார்ன்வால் பகுதியில் போக்கனாக் என்ற பெரிய பண்ணையை பிட் வாங்கினார். அதன் பழைய சொந்தக்காரர் மோகன் பிரபு 1712-ல் ஒரு வாள் சண்டையில் இறந்து போனார். விதவை மனைவி விற்றார்.

அதற்கு முன்பே, 1691-ல், பழைய சாரம் என்ற மேட்டு நிலத்தையும் பிட் வாங்கி இருந்தார். அங்கே குடியிருப்பே இல்லை. ஆனால் பார்லிமெண்டுக்கு 2 உறுப்பினர்களை அனுப்பும் உரிமை உண்டு! நிலம் யார் கையிலோ, உறுப்பினரும் அவர் ஆள். பேரன் வில்லியம் பிட் 1735-ல் இப்படித்தான் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். பிறகு பிரதமர் ஆனார். அவர் மகனும் 24 வயதில் பிரதமர்!

கைமாறிய சொத்து

நிலம் வந்தது, நிம்மதி வரவில்லை. சென்னையில் இருந்தபோதே, வீட்டுச் சண்டையைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் பிட். 1726-ல் அவர் கண் மூடினார். மறு ஆண்டே ராபர்ட்டும் இறந்தார். சொத்து மூத்த பேரன் கைக்கு வந்தது. அவரோ கடனில் மூழ்கினார்.

கடைசி வாரிசு, எள்ளுப்பேரன் கேமல்போர்டு பிரபு. முன்கோபி. 1804-ல், ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில் சொந்த நண்பனையே துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். குண்டு இவர் மீது பாய்ந்தது. வயது 29. கல்யாணம் ஆகவில்லை. பட்டம் அவரோடு போயிற்று.

போக்கனாக் பண்ணை அவருடைய அக்காளுக்குப் போனது. அந்த அம்மாளுக்கும் குழந்தை இல்லை. 1864-ல் அவர் இறந்ததும், கணவர் வழி மருமகன் போர்ட்டெஸ்கியூவுக்குச் சேர்ந்தது.

பழைய சாரம்? அதை 1802-லேயே கேமல்போர்டு விற்றுவிட்டார். வாங்கியவர் கேலடன் பிரபு. அவருடைய தந்தையும் இந்தியாவில் பணம் சேர்த்தவர்தான்! ஆனால் 30 ஆண்டுதான். 1832-ல் வந்த சட்டம், ஆள் இல்லாத அந்தத் தொகுதியை ஒழித்துவிட்டது.