பாதையில் பிறக்கும் இசை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் நமக்குப் 'பாதை' என்ற சொல் வீதியை மட்டும் குறிப்பதில்லை. மனிதரையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையையும் அது குறிக்கும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அந்தப் பாதைக்காகத் துறையில் காத்திருந்தவர்கள் நாம். காத்திருப்போருக்கும் பயணிப்போருக்கும் பாட்டே துணை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின், கதை முழுவதும் வீதியிலேயே நகரும் ஒரு திரைப்படத்திற்கு இசை எவ்வாறு அமைய வேண்டும்? 2014ஆம் ஆண்டு வெளியான 'ஹைவே' என்ற ஹிந்தித் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். இம்தியாஸ் அலி இயக்கிய இப்படத்தில், கடத்தப்பட்ட பெண்ணொருத்தி லொறியொன்றில் ராஜஸ்தான், பஞ்சாப், இமாசலம் எனக் காஷ்மீர் வரை செல்கிறாள். இசையமைத்தவர் சென்னையில் பிறந்த நம்மவரான ஏ.ஆர். ரஹ்மான், பாடல்களிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் இர்ஷாத் கமில்.

வழக்கமான படத்தில் கதாபாத்திரங்கள் நின்று பாடுவர், ஆடுவர். பயணப் படத்தில் அதற்கு இடம் குறைவு. நிலக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, பாத்திரத்தின் மனத்தைப் பின்னணியில் ஒலிக்கும் குரலே சொல்ல வேண்டும். நிலம் மாறும்போது இசையின் மண்வாசனையும் மாற வேண்டும். ஆயினும் தொகுப்பு சிதறிவிடலாகாது.

ரஹ்மான் இதற்குக் கண்ட வழி, வழியிலுள்ள குரல்களைத் தேடியதே. 'படாகா குட்டி' பாடலைப் பஞ்சாபின் சூஃபி இசைக் குடும்பத்தில் வந்த நூரான் சகோதரிகள் பாடினர். அதே பாடலின் மற்றொரு வடிவத்தை அவரே பாடினார். 'ஹீரா' பாடலில் கபீரின் ஈரடிகள் ஒலிக்கின்றன. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றும் நெசவாளக் கவிஞர் அவர். 'சூஹா சாஹா' என்ற தாலாட்டைப் படத்தின் நாயகி ஆலியா பட்டுடன் பாகிஸ்தானியப் பாடகி ஸெப் பங்காஷ் பாடினார். படைகள் காவல் நிற்கும் எல்லையை ஒரு தாலாட்டு எளிதாகக் கடந்துவிட்டது.

பெரும் வாத்தியக் குழுவைக் காட்டிலும், கேட்கும் செவியே இத்தொகுப்பின் மூலதனம் எனலாம். வீதியோரத்து மக்களிடம் ஏற்கெனவே இருந்த பாட்டை மதித்ததனாலேயே புதிய பாட்டு உயிர் பெற்றது.

இங்குதான் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள், ரமழான் இரவுகளில் றபான் தட்டி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாக்களின் பைத்துகள், வயலிலும் வீட்டிலும் முஸ்லிம் பெண்கள் பாடிய கவிகள், தமிழ்த் தாய்மாரின் தாலாட்டும் ஒப்பாரியும் ஆகிய யாவும் இக்கரையின் செல்வங்கள். யுத்தம் பாதைகளை மூடியபோது இவற்றைப் பாடியோர் இடம்பெயர்ந்தனர். பலர் மறைந்தும் போயினர்.

இன்று பாலங்கள் எழுந்துள்ளன, பயணம் எளிதாகியுள்ளது. ஆனால் துறையில் ஒலித்த குரல்களைப் பாலம் தாமாகக் காப்பாற்றித் தராது. ஒலிப்பதிவு செய்யக் கைத்தொலைபேசியே போதுமான இக்காலத்தில், நமது பாடசாலை மாணவர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் உள்ள முதியோரிடம் சென்று, இனபேதமின்றி அவர்களது பாடல்களைப் பதிவு செய்வார்களாயின், நாளை இப்பாதையைப் பற்றிப் படமெடுக்க வரும் ஒருவருக்கு இசை எங்கிருந்து தொடங்கும் என்ற கவலை இராது.