புகை ஒரு ஊரில், ஓசோன் இன்னொரு ஊரில்: கடலூர் - சிதம்பரம் சாலைக்கு ஏன் ஒரே காற்றுத் திட்டம் வேண்டும்?

கடலூர்க்காரர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச்சேரி பக்கம் ஏதாவது வேலை இருந்தால், திரும்பும்போது டேங்க்கை அங்கேயே ஃபுல் பண்ணிவிடுவார்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வரி குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். அப்படிப் புதுச்சேரியில் போட்ட பெட்ரோல் கடலூரில் எரிகிறது. வண்டி சிதம்பரம் வரை போனால், மீதி அங்கே எரியும்.

சரி, அந்தப் புகை எந்த ஊர்க் கணக்கில் வரும்?

கேட்க விளையாட்டாக இருக்கலாம். ஆனா தரைமட்ட ஓசோன் என்கிற மாசைக் கட்டுப்படுத்த நினைக்கும் எந்த அரசும் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

ஓசோன் நல்லதுதானே, அதில் என்ன பிரச்னை?

பள்ளிக்கூடத்தில் படித்த ஓசோன் படலம் வேறு. அது 15 கிலோமீட்டருக்கும் மேலே இருந்துகொண்டு புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதே வாயு நாம் மூச்சு விடும் உயரத்தில் இருந்தால் நுரையீரலை எரிச்சலூட்டும். இருமல், நெஞ்சு இறுக்கம் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படும். மாஸ்க் போட்டால் போதுமா என்றால், போதாது. சாதாரண என்-95 மாஸ்க் தூசைத் தடுக்கும், ஓசோன் ஒரு வாயு என்பதால் அதைத் தடுக்காது.

இந்த ஓசோன் எந்த சைலன்சரிலிருந்தும் நேராக வருவதில்லை. பொங்கல் மாதிரி, இது சமைக்கப்படும் பொருள். அரிசி, நைட்ரஜன் ஆக்சைடுகள்: வண்டி இன்ஜின், அனல் மின் நிலையம், ஜெனரேட்டர் என்று எதை அதிக வெப்பத்தில் எரித்தாலும் வருபவை. பருப்பு, எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், சுருக்கமாக விஓசி: பெட்ரோல் பங்கில் மூக்கில் ஏறும் அந்த வாசனை, பெயின்ட், தின்னர், ரசாயன ஆலைகளின் கரைப்பான்கள். அடுப்பு, வெயில். காலை 8 மணி டிராஃபிக்கில் கிளம்பும் புகை, மதியம் 12 முதல் 4 மணிக்குள் ஓசோனாக மாறி உச்சம் தொடுகிறது.

இடைப்பட்ட நேரத்தில் காற்று சும்மா இருக்காது. புகை கிளம்பிய ஊரும் ஓசோன் இறங்கும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் ஒரு வினோதம் உண்டு. சைலன்சரிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசலான சாலை ஓரத்தில் ஓசோன் அளவு குறைவாகக் காட்டி, காற்று போகும் திசையில் உள்ள கிராமத்தில் அதிகமாகக் காட்டுவது உலகம் முழுக்க நடப்பதுதான். வண்டியே அதிகம் இல்லாத ஊருக்குத்தான் வினை.

இந்த வட்டாரத்தில் என்னென்ன இருக்கிறது?

ஓசோன் சமையலுக்கு வேண்டிய எல்லாமே. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஊரைத் தாண்டியதும் சிப்காட் ரசாயன வளாகம். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மக்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் துர்நாற்றப் புகாரின் பின்னால் இருப்பதில் விஓசிக்களும் அடக்கம். 2004 முதல் கிராம மக்களே காற்று மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய வரலாறு இந்தப் பகுதிக்கு உண்டு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70-ஐத் தாண்டினாலே 'மிக மோசமாக மாசடைந்த பகுதி'. கடலூர் வாங்கியது 77.45.

மேற்கே நெய்வேலி. பழுப்பு நிலக்கரி அனல் மின் நிலையங்களின் உயரமான புகைபோக்கிகள். வடக்கே புதுச்சேரி, அது யூனியன் பிரதேசம், அதற்குத் தனி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு. நடுவில் விழுப்புரத்தையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, அதில் இரவு பகலாக லாரி, தனியார் பஸ், அரசு பஸ், கார், கணக்கில்லாத டூவீலர்கள். வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றும் ஒரே திசையில் நிற்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும்போது கடலூர்ப் புகை சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் நகரும். ஆடி மாத மேல்காற்றில் நெய்வேலிப் பக்கத்துக் காற்று கடற்கரைக்கு வரும். கோடையில் இரவில் கடலுக்குப் போன புகையை மதியம் கடல்காற்று திரும்பக் கரைக்குத் தள்ளிவிடும். தேவனாம்பட்டினம் பீச்சில் சாயங்காலம் வாங்குவதெல்லாம் சுத்தமான கடல்காற்று என்று நினைப்பது கொஞ்சம் அவசரம்.

இதில் நெல்லையும் சேர்க்க வேண்டும். ஓசோன் இலைத்துளை வழியே உள்ளே போய்ப் பயிரின் உணவு தயாரிப்பைக் கெடுக்கும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன விஞ்ஞானிகள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, 2005-ல் மட்டும் ஓசோனால் இந்தியா இழந்த கோதுமை சுமார் 35 லட்சம் டன், நெல் சுமார் 21 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி, காட்டுமன்னார்கோவில் ஆகிய 5 ஒன்றியங்கள் 2020-ம் ஆண்டின் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகின்றன. அங்கே எந்த ஆலை வரக்கூடாது என்பதைச் சட்டம் சொல்கிறது. பக்கத்திலிருந்து மிதந்து வரும் வாயுவுக்குத் தடை போட அந்தச் சட்டத்தால் முடியாது.

ஓசோனுக்கு வரம்பு இல்லையா?

இருக்கிறது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரத்தில் 12 மாசுகள். அதில் ஓசோனும் ஒன்று. ஒரு கன மீட்டர் காற்றில் 8 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம், 1 மணி நேரத்துக்கு 180. வருடத்தில் 98 சதவீத நேரம் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

தாண்டினால் என்ன ஆகும்? தொடர்ந்து இரண்டு கண்காணிப்பு நாட்கள் தாண்டினால், அது தொடர் கண்காணிப்புக்கும் மேற்கொண்டு விசாரிப்பதற்கும் போதிய காரணம் என்கிறது அந்த அறிவிப்பு. அதாவது, இன்னும் நன்றாக அளந்து பாருங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும், யார் பொறுப்பு, செய்யாவிட்டால் என்ன என்பதெல்லாம் அதில் இல்லை.

2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் அந்தக் குறையைத் தீர்த்திருக்கலாம். ஆனா அதன் இலக்கு தூசித் துகள்கள்தான். ஓசோனுக்கு இலக்கு இல்லை. நாடு முழுக்க 131 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என 4 ஊர்கள். கடலூர் பட்டியலில் கிடையாது.

அளப்பதிலும் இதே கதை. வாரத்துக்கு இரண்டு நாள் மாதிரி எடுக்கும் பழைய நிலையங்கள் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகியவற்றைத்தான் பார்க்கும். ஓசோனைப் பிடிக்க நாள் முழுக்க ஓடும் தானியங்கி நிலையம் வேண்டும். கடலூரில் செம்மண்டலத்திலும் குடிகாட்டிலும் அப்படிப்பட்ட நிலையங்கள் வந்திருப்பது நல்ல விஷயம். ஒன்று நகருக்குள், இன்னொன்று ஆலைகளுக்குப் பக்கத்தில். ஆனால் ஓசோன் அதிகமாக இறங்குவது புகை கிளம்பும் இடத்திலிருந்து தள்ளி என்று மேலே பார்த்தோமே! அந்தக் கணக்கில் புவனகிரி, பரங்கிப்பேட்டை மாதிரி ஊர்களில் அளப்பதுதான் முக்கியம்.

பியூசி சர்டிஃபிகேட் இதைப் பிடிக்காதா?

பிடிக்காது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு பியூசி சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி மட்டும். ஓசோனின் மூலப்பொருளான நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. கரும்புகை விடாத டீசல் லாரி ஒன்று பாஸ் ஆகி, நைட்ரஜன் ஆக்சைடைத் தாராளமாகக் கக்கிக்கொண்டே சிதம்பரம் வரை போகலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 விதி இதில் பெரிய முன்னேற்றம். டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. ஆனா அது ஷோரூமிலிருந்து வரும் புது வண்டிக்கு. நெடுஞ்சாலையில் ஓடும் பழைய வண்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. பெட்ரோல் பங்குகளில் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் கருவியும் ஊரின் மக்கள்தொகை, பங்கின் மாத விற்பனை இரண்டையும் பார்த்துத்தான் கட்டாயமாகிறது. சின்ன ஊர்ப் பங்குகள் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

வேறு எங்காவது செய்து காட்டியிருக்கிறார்களா?

அமெரிக்காவின் அட்லாண்டா. அங்கே ஓசோன் வரம்பைத் தாண்டும் பகுதிக்கு மாநில அரசு காலக்கெடுவோடு திட்டம் தர வேண்டும். அதைவிட முக்கியம், 1990-ல் இறுக்கமாக்கப்பட்ட ஒரு விதி: புதுச் சாலைத் திட்டங்களால் கூடும் புகை, காற்றுத் திட்டத்தில் வாகனங்களுக்கு ஒதுக்கிய அளவுக்குள் அடங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அடங்காவிட்டால் மத்திய நிதி நிற்கும். 1998-ல் அட்லாண்டாவுக்கு உண்மையிலேயே நின்றது. நகரைச் சுற்றி 13 கவுன்ட்டிகள், ஏகப்பட்ட உள்ளாட்சிகள், ஆளுக்கொரு திட்டம். பணம் நின்றதும் 1999-ல் போக்குவரத்துக்கென்று ஒரு வட்டார ஆணையத்தையே உருவாக்கினார்கள்.

அதே ஊரில் இன்னொரு சுவாரசியமான சம்பவம். 1996 ஒலிம்பிக்ஸின் 17 நாட்களும் கூடுதல் பஸ், நகர மையத்தில் கார் கட்டுப்பாடு, வீட்டிலிருந்தே வேலை என்று நெரிசலைக் குறைத்தார்கள். காலை உச்ச நேரப் போக்குவரத்து 22.5 சதவீதமும், ஓசோன் உச்சம் சுமார் 28 சதவீதமும் குறைந்தன. குழந்தைகளின் அவசர ஆஸ்துமா சிகிச்சை, அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளின்படி, சுமார் 42 சதவீதம் குறைந்தது என்றது 2001-ல் வந்த ஆய்வு. கார் குறைந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள் என்று எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். 2010-ல் மறு ஆய்வு வந்தது. அந்த நாட்களில் ஓசோன் அட்லாண்டாவில் மட்டும் அல்ல, ஒலிம்பிக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத சுற்றுவட்டார ஊர்களிலும் குறைந்திருந்தது. வானிலைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்துக்காகச் சிதம்பரத்தின் நான்கு வீதிகளில் ஒரு நாள் வண்டிகளை நிறுத்தினால் அந்த வீதிகளின் புகை குறையும். வட்டாரத்தின் ஓசோன் குறைந்துவிடாது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி டெல்லியில்தான். டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப் என்று மாநில எல்லை தாண்டி உத்தரவிட 2021-ல் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் செயல்பாட்டைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் காற்றுக்கு மாநில எல்லை தெரியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

கடலூர் - சிதம்பரத்தில் இது சாத்தியமா?

புதுச் சட்டம் தேவையில்லாத வேலைகளே நிறைய இருக்கின்றன. 1981 காற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி எந்தப் பகுதியையும் மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். 20-வது பிரிவின்படி வாகனப் புகை பற்றி ஆர்டிஓ தரப்புக்கு உத்தரவு போடலாம். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், நகரங்களுக்கான முழுமைத் திட்டத்துக்கு மேலே மண்டலத் திட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. பல ஊர்களை ஒரே வட்டாரமாகப் பார்க்கும் கருவி அது. புது பைபாஸ், புதுத் தொழிற்பேட்டை, புது பஸ் ஸ்டாண்ட் ஒவ்வொன்றும் எத்தனை வண்டி கிலோமீட்டரைக் கூட்டும் என்கிற கணக்கை அதில் சேர்த்தால், பாதி அட்லாண்டா வந்தமாதிரி.

ரயில்பாதை ஏற்கெனவே இருக்கிறது. கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே போகும் பாதை, 2010-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் சிப்காட்டுக்கும் தினமும் போய்வருபவர்களின் நேரத்துக்கு அடிக்கடி ஒரு ரயில் ஓடினால், எத்தனை டூவீலர் வீட்டிலேயே நிற்கும்! 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் என்பதைப் பெரும்பாலும் பொருளாதாரத் திட்டமாகத்தான் பேசுகிறோம். காற்றுக் கணக்கிலும் அதற்கு ஒரு வரி உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு நிறைந்த நகர மையத்தில் அதை மட்டும் குறைத்தால், ஓசோனைத் தின்ன ஆள் இல்லாமல் ஓசோன் கூடிவிடுவதும் உண்டு. 2020 லாக்டவுனில் உலகின் பல நகரங்களில் அதைப் பார்த்தார்கள். அதனால் வண்டியைப் பிடிக்கும்போதே சிப்காட்டின் விஓசியையும் நெய்வேலிப் புகைபோக்கியையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச வேண்டியிருக்கும். அந்த மேஜையில் புதுச்சேரிக்கும் ஒரு நாற்காலி போட்டாக வேண்டும்.

உங்கள் போனில் இதைப் பார்க்க 'சமீர்' ஆப் போதும். பெரிதாகத் தெரியும் ஏக்யூஐ எண், அளக்கப்படும் மாசுகளில் எது மோசமோ அதன் எண் மட்டும்தான். பெரும்பாலும் தூசுதான் முந்திக்கொள்ளும், ஓசோன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். செம்மண்டலத்தையோ குடிகாட்டையோ திறந்து, கீழே ஓசோனுக்கென்று இருக்கும் வரியைத் தனியாகப் பாருங்கள். சித்திரை வெயிலில், மதியம் 3 மணிக்கு.