மேற்கு ஆப்பிரிக்காவில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு



மாநாடுகளுக்காகவும், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கவும் கானா நாட்டுக்குப் பிரயாணப்படுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. அக்ரா நகரத்து ஹோட்டல்களில் தங்கப்போகிறவர்களுக்குச் சில யோசனைகளை இங்கே தருகிறோம். "நாம் பார்க்காத கொசுவா?" என்று அசட்டையாயிருக்க வேண்டாம். அங்கே பெரும்பாலும் காண்பது பால்சிபாரம் என்னும் மலேரியா. சிகிச்சை தாமதித்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும்.

புறப்படுமுன்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் கானாவில் நுழையவும் தேவை, ஊர் திரும்பவும் தேவை. அது இல்லாமல் வருகிறவர்களை இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனியே வைத்துவிடுவார்கள். 2016 முதல் இச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியா தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பின்பும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

அறையில்: மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததுமுதல் விடியும்வரை கடிக்கும். ஆகையால் மாலையிலேயே ஜன்னல்களைச் சாத்துங்கள். ஜன்னல் வலை கிழிந்திருந்தால் வேறு அறை கேளுங்கள். ஏ.சி. இருக்கிறதென்று கொசுவலையை விட்டுச் செல்லாதீர்கள். மின்சாரம் நின்றால் ஏ.சி.யும் நிற்கும். வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இராச்சாப்பாடு என்றால் முழுக்கைச் சட்டை அணிந்து, கைகால்களில் கொசு விரட்டும் களிம்பு பூசுங்கள். தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும். மின்சாரம் நம் ஊரைப்போல 230 வோல்ட்தான். ஆனால் பிளக்கில் மூன்று தட்டையான முனைகள் இருக்கும். அதற்கேற்ற அடாப்டர் ஒன்று போதும்.

சாப்பாடு: சீல் உடையாத பாட்டில் தண்ணீரையே குடியுங்கள். பல் துலக்கவும் அதுவே நல்லது. ஐஸ் வேண்டாம். ஜொலோஃப் சோற்றை ஆவி பறக்கச் சாப்பிடுங்கள். பழங்களை நீங்களே தோல் உரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹர்மத்தான் என்னும் வறண்ட புழுதிக்காற்று சகாராவிலிருந்து வீசும். ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

ஹோட்டல் ஊழியரிடம் எதையும் கேட்குமுன் முதலில் வணக்கம் சொல்லி நலம் விசாரியுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் நம்மைப்போலவே வலது கையால்தான்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சில மாதங்கள் கழித்துக்கூட அது வரலாம். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து விலையேறப்பெற்ற நாட்கள் கழிந்துபோகும்.

சுகமாய்ப் போய், சுகமாய்த் திரும்பி வாருங்கள்.