கடல் பதிந்த களிமண்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. மழை பெய்து வடிந்த மறுநாள் ஓடைக்கரையில் குனிந்து பார்த்தால் பல இடங்களில் கிடைக்கும். கடல் இங்கிருந்து பின்வாங்கி ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுப்போன சாமான்கள் மட்டும் இன்னும் மண்ணிலேயே கிடக்கின்றன.

அதே ஊர்ப் பிள்ளையிடம் ‘புதைபடிவம்’ பற்றி ப்ராஜெக்ட் செய்துவரச் சொன்னால் நேரே ஸ்டேஷனரி கடைக்குத்தான் ஓடுகிறது. அச்சடித்த டைனோசர் படம் ஒன்று, சார்ட் அட்டை ஒன்று, கொஞ்சம் ஜிகினா. அம்மாவோ அக்காவோ கத்தரித்து ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்புச் சுவரில் எல்லா சார்ட்டும் ஒரே மாதிரி தொங்கும். அழகாகவே இருக்கும். பிள்ளையின் கை மட்டும் அதில் இருக்காது.

இப்படிச் சொல்வதால் தொடக்கப் பள்ளிகளில் கலைக்கு இடமே இல்லை என்று ஆகிவிடாது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டு, கதை, பொம்மை, கைவேலை எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து நடந்த அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா 2024-25 முதல் சின்ன வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. களம் இருக்கிறது. அந்தக் களத்தில் என்ன செய்வது என்பதில், இந்த இரண்டு மாவட்டங்களுக்கு வேறு எந்த மாவட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. சிறு பிள்ளைகள் களிமண்ணை வைத்துச் செய்யும் கைவேலைகள் பலவற்றை இங்குள்ள மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்து வைத்திருக்கிறது. அச்சு எடுப்பது, இலை பதிப்பது, உருண்டை உருட்டுவது எல்லாமே.

முதலில் மண். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசலைப் பிள்ளைகள் பிசைந்து பொம்மை செய்தால், காயும்போது அது பிளந்துவிடும். அழாத பிள்ளை இருக்காது. மண்ணின் உள்ளமைப்பு அப்படி. களிமண் துகள்கள் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சிறிய தட்டுகள். தட்டுகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அழுத்தினால் வளையும், விட்டால் அப்படியே நிற்கும். கரிசலில் மிகுதியாக இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் தட்டுகளின் அடுக்குக்குள்ளேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும். காய்ந்தால் அத்தனையும் வெளியேறி உடம்பு சுருங்கும். கோடையில் கொல்லையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவதும், மேசைமேல் யானைப் பொம்மையின் தும்பிக்கை கழன்று விழுவதும் ஒரே காரணத்தால்தான். குயவர்கள் ஏரி மண்ணில் மணல் கலப்பது இந்தச் சுருக்கத்தைக் குறைப்பதற்கு. கரிசல், ஏரி மண், மணல் கலந்த ஏரி மண் மூன்றிலும் ஒரே அளவில் ஒவ்வொரு வில்லை செய்து காயவைத்து, எது எவ்வளவு சுருங்கிற்று என்று ஸ்கேல் வைத்து அளந்தால், கைவேலைப் பீரியடும் அறிவியல் பீரியடும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது இலை. ஈரக் களிமண் வில்லைமேல் வேப்பிலையை நரம்புப் பக்கம் கீழே படும்படி வைத்து, பாட்டிலை உருட்டி அழுத்தி, இலையை மெல்ல எடுத்தால் நரம்பெல்லாம் பதிந்திருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது வரும். பெரம்பலூர் மாவட்டத்தில் தெரணி என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள வெள்ளைக் களிமண் படிவுகளில் இதே வேலை, பூச்செடிகள் உலகில் பரவுவதற்கு முந்தைய காலத்து இலைகளை வைத்து நடந்திருக்கிறது. டிலோஃபில்லம் என்ற, பார்வைக்குச் சைக்காஸ் ஓலையை நினைவூட்டும் தாவரத்தின் இலைகள் அங்கே பதிந்திருக்கின்றன. இலை நீரோட்டம் குறைந்த இடத்தில் விழ வேண்டும். அழுகுவதற்குள் மெல்லிய களி அதன்மேல் மூட வேண்டும். மணல் மூடியிருந்தால் இந்த நரம்பு பதியாது. பிள்ளைகளிடம் சொல்லாமல், ஒரு இலையைக் களியிலும் இன்னொன்றை ஈர மணலிலும் பதிக்க விட்டால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி சிப்பி. இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

களிமண்ணில் ஒரு சிப்பியை அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். அது அச்சு. அதற்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி, இறுகியபின் களிமண்ணை உரித்தால், சிப்பியின் வரி வரியான முதுகு வெள்ளையாக எழுந்து வரும். அது வார்ப்பு. புதைபடிவங்களில் பல இந்த இரண்டு வகையில் அடங்கும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியிலோ அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் குவாரியிலோ ஒரு அம்மோனைட்டைப் பார்த்து “நத்தைக் கூடு கல்லாகிவிட்டது” என்று சொல்கிறோம். பல நேரம் கூடு அங்கே இல்லவே இல்லை. கூட்டுக்குள் சேறு புகுந்து இறுகியது; கூடு பிற்பாடு நிலத்தடி நீரில் கரைந்து போனது; உள்ளே இருந்த சேற்றின் வார்ப்பு மட்டும் மிஞ்சியது.

அந்தப் பிளாஸ்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை ஊருக்கே திரும்புகிறது. ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதன் படிகத்துக்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு ஆவியாகிவிடும். மிஞ்சும் பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் கலந்தால் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இறுகும்போது மிகச் சிறிதளவு விரியவும் செய்யும். அதனால்தான் அச்சின் மெல்லிய கீறலுக்குள்ளும் புகுந்து அப்படியே எடுத்துத் தருகிறது. இந்த ஜிப்சம் காரைக் களிமண்ணில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெயில் பட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். ஒரு காலத்தில் சிமென்ட் ஆலைகளுக்காக இந்தப் பக்கத்தில் வெட்டியெடுத்தும் இருக்கிறார்கள். சிமென்ட் கலந்த உடனே இறுகிவிடாமல் கொத்தனாருக்கு அவகாசம் தருவதே அதில் சேர்க்கும் ஜிப்சம்தான். நம்மூர்ச் சாக்பீஸும் பெரும்பாலும் இதே சரக்கு. அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் கனத்த கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தக் கல் சிமென்டாகிப் பள்ளிக்கூடச் சுவராகவும் நிற்கிறது. கடல்பிராணிகள் கட்டிய சுவரில், கடல் மண்ணில் விளைந்த கனிமத்தை வைத்து அ, ஆ எழுதுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். சின்ன அச்சில் அது உள்ளங்கைக்கு இதமான வெதுவெதுப்பு. பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு பாடம். ஆனால் 2007-ல் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் கலை வகுப்பில் கையின் அச்சு எடுக்க 16 வயது மாணவி பிளாஸ்டர் நிறைந்த வாளிக்குள் கைகளை விட்டு, எடுக்க முடியாமல், தீக்காயத்தால் விரல்களை இழந்தார். ஆகவே கை, கால் எதையும் பிளாஸ்டருக்குள் விடக் கூடாது. பொடியை டீச்சர்தான் கரைக்க வேண்டும், பறக்காமல். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள்ளும் ஒரு புதைபடிவம் உருவாகிவிடும்.

அம்மோனைட்டைக் களிமண்ணிலேயே செய்து பார்ப்பது இன்னும் சுவையானது. ஒரே தடிமனில் திரி உருட்டிச் சுற்றினால் கொசுவர்த்திச் சுருள் மாதிரி வரும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாது. பார்க்கிற பிள்ளை “இது அது மாதிரி இல்லையே” என்று சொல்லும். ஒரு முனை ஊசியாகவும் மறுமுனை கட்டைவிரல் மொத்தமாகவும் திரியை உருட்டி, ஊசி முனையிலிருந்து சுற்றச் சொல்லுங்கள். அம்மோனைட் வந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப்போல் இத்தனை மடங்கு என்று ஒரே விகிதத்தில் பெருத்துக்கொண்டே போவதைக் கணிதத்தில் மடக்கைச் சுருள் என்கிறார்கள். அந்தப் பிராணி வளர வளரக் கூடு பெரிதாயிற்று, வடிவம் மாறவில்லை. மடக்கை என்ற சொல்லை மூன்றாம் வகுப்பில் சொல்ல வேண்டாம். கை கற்றுக்கொண்டது போதும்.

பிறகு வரையச் சொல்ல வேண்டும். பார்த்து வரை என்றாலும் சின்னப் பிள்ளைகள் சுருளுக்கு ஒரு தலையும் இரண்டு கொம்பும் வைத்துவிடும். பிரான்ஸ் நாட்டின் லுகே 1927-ல் எழுதிய குழந்தை ஓவியம் பற்றிய நூலில் இதற்கு விளக்கம் தந்தார்: அந்த வயதில் கண்ணில் படுவதைவிட மனதுக்குத் தெரிந்ததைத்தான் கை வரையும். பிள்ளைக்கு அது நத்தை. ஆகவே கொம்பு. அழித்துவிடு என்று அதட்டுவதைவிட, நத்தையில் இல்லாத எதையாவது இந்தக் கல்லில் தேடு என்று கேட்கலாம். மேல் கூடு போய், உள் வார்ப்பு மட்டும் நிற்கும் மாதிரியில் கீரை இலையின் ஓரம்போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். கூட்டுக்குள் அறை அறையாகத் தடுத்திருந்த சுவர்கள் வெளிச்சுவரைத் தொட்ட இடங்கள் அவை. நத்தைக் கூட்டில் இப்படி அறைகள் கிடையாது. அம்மோனைட் கணவாய், பேய்க்கணவாய் கூட்டத்தைச் சேர்ந்தது, கடைசி அறையில் குடியிருந்தது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் அற்றுப்போனது. நெளிகோட்டை ஒருமுறை பென்சிலால் பின்தொடர்ந்த பிள்ளை இனி அதை நத்தை என்று சொல்லாது. 2011-ல் சயன்ஸ் இதழில் ஐன்ஸ்வொர்த், பிரெய்ன், டைட்லர் மூவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதிட்டது: அறிவியலில் வரைவது அலங்காரமன்று, யோசிக்கும் வழிகளில் ஒன்று.

இந்த மண்ணின் ஆராய்ச்சி வரலாறும் ஓவியத்தின் முதுகில் ஏறி வந்ததுதான். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் திரட்டிய தென்னிந்தியப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் படங்களோடு விவரித்தார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டும் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்காவும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக எழுதிய தொகுதிகளில், அம்மோனைட்டின் நெளிகோடுகள் வரை கல்லச்சுப் படங்களாகப் பதிந்திருக்கின்றன.

இதைவிடப் பெரிய சாட்சி அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேடு. அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளை 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். கீழ்க்கால் எலும்பே சுமார் இரண்டு மீட்டர். அளவு உண்மையானால் தரையில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் எலும்புகள் அவ்வளவு நொறுங்கலாக இருந்தன. பாதுகாப்பாக வைப்பதற்குள் உதிர்ந்தே போய்விட்டன. பல ஆண்டுகளாக உலகம் அந்த விலங்கைப் பற்றிச் சண்டை போட்டது சில கோட்டோவியங்களை வைத்துத்தான். களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-ல்தான் வெளியாயின. அன்றைக்குக் கூடுதலாக நாலு படம் வரைந்திருந்தால், கூடவே ஒரு அச்சும் எடுத்திருந்தால் எத்தனை சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உருண்டைக் கைவேலைக்கும் இங்கே கதை இருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டையல்ல, அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிக் கனிமம் படிந்து திரண்ட உருண்டைகள் என்றார்கள். செந்துறைப் பக்கம் 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தினர் டைனோசர் முட்டைகளைக் கண்டறிந்தது தனிச் செய்தி. வதந்திக்கு அது உரம் போட்டிருக்கலாம். வகுப்பில் இரண்டையும் செய்யலாம். ஒரு சின்னச் சிப்பியை நடுவில் வைத்து, வெவ்வேறு நிறக் களிமண்ணை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி உருட்டி, நூலால் பாதியாக அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். பலூன்மேல் காகிதக்கூழ் ஒட்டிக் காயவைத்து அறுத்தால் மெல்லிய ஓடு மட்டும் இருக்கும், உள்ளே வெறுமை. எது திரண்ட உருண்டை, எது முட்டை என்று எட்டு வயதுப் பிள்ளை அடுத்த வதந்தி வரும்போது அப்பாவுக்கே விளக்கும்.

பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிப்போகலாமா? சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குத் தயங்காமல் போகலாம். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் அறிவித்த, 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் அங்கே வேலிக்குள் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வரைய நேரம் கொடுங்கள். செல்ஃபிக்கு ஐந்து நிமிடம் போதும், படத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகமும் அப்படியே. ஓடைகளில் மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது. காரையில் வெளியூர்க்காரர்கள் சாக்கில் அள்ளிப் போனது போதும். அங்கேயே களிமண்ணை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு, கல்லைத் துடைத்து இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கங்கைகொண்டசோழபுரத்துக் கல்வெட்டுகளை அறிஞர்கள் ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுத்தது இதே நோக்கத்தில்தானே. யாரும் சுவரைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

வகுப்பில் பிளாஸ்டர் ஊற்றிய பிறகு, அது முழுக்க இறுகுமுன், வார்ப்பின் பின்பக்கத்தில் குச்சியால் ஊர்ப் பெயரையும் ஓடையின் பெயரையும் தேதியையும் கீறவைக்க வேண்டும். பிள்ளையின் பெயர் கடைசியில் வந்தால் போதும். எங்கே கிடைத்தது என்று தெரியாத புதைபடிவத்தை வைத்து அருங்காட்சியகமும் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. எந்த அடுக்கு, எந்தக் காலம், எந்தக் கடல் என்ற அத்தனைக்கும் விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.