கையில் ஊற்றிய தண்ணீர்



நான் ஆசிரியராக வேலை பார்த்த பள்ளிக்கு ஒருமுறை வெளிநாட்டு மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தையும் உப்பளத்தையும் பார்த்துவிட்டு, நல்ல உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். ஒரு பையனிடம் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தோம். நம் பிள்ளைகள் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து அவனும் அண்ணாந்தான். தண்ணீர் மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைந்துவிட்டது! என் வகுப்புப் பிள்ளைகள் 'கொல்'லென்று சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அப்போது சத்துணவு ஆயா ஓடி வந்து, அவனுடைய இரண்டு கைகளையும் குவித்துப் பிடிக்க வைத்து, தண்ணீரை மெல்ல ஊற்றினார். மடமடவென்று குடித்தான்.

அந்த ஆயா செய்த அதே காரியம், 700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது தெரியுமா? அந்தப் புத்தகத்தைச் சொன்னவர் மார்க்கோ போலோ.

இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரத்துக்காரர் இவர். 1271-ல் அப்பாவுடனும் சித்தப்பாவுடனும் ஊரைவிட்டுக் கிளம்பியபோது வயது 17. இப்போது பிளஸ் டூ படிக்கும் அண்ணன்மார் வயதுதான்! சீனப் பேரரசர் குப்ளாய் கானிடம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, கடல் வழியாகத் திரும்பும்போது இலங்கைக்கும் நம் முத்துக் கடற்கரைக்கும் வந்தார். 1295-ல் வெனிஸ் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 24 ஆண்டுகள்! பிறகு ஒரு போரில் பிடிபட்டு ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபோது, தான் பார்த்ததையும் கேட்டதையும் உடன் இருந்த கைதி ஒருவருக்குச் சொன்னார். அவர் எழுதியதுதான் அந்தப் பயண நூல்.

நம் மக்களைப் பற்றி மார்க்கோ போலோ சொன்னதைக் கேளுங்கள். இவர்கள் வலது கையால் மட்டுமே சாப்பிடுகிறார்கள். தினமும் இரண்டு முறை குளிக்கிறார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் வாய் வைப்பதே இல்லை. தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரரிடம் பாத்திரம் இல்லையென்றால் அவர் கைகளில் ஊற்றுகிறார்கள். அவர் கையையே கோப்பையாக்கிக் குடிக்கலாம்!

ஏன் தரையில் உட்காருகிறீர்கள் என்று கேட்டால், "மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போகப் போகிறோம். மண்ணில் உட்காருவதில் என்ன குறைவு?" என்கிற மாதிரி பதில் சொல்வார்களாம். ஓர் இலையை எப்போதும் மெல்லுகிறார்கள், அதன் பெயர் 'தெம்பூல்' என்றும் சொல்கிறார். தாம்பூலத்தைத்தான் அப்படி உச்சரித்திருக்கிறார்!

எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் தையற்காரரே கிடையாது, யாரும் உடை உடுத்துவதில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். வேட்டிக்கும் சேலைக்கும் தையல் எதற்கு? அரசர் 104 மணிகள் கோத்த மாலை அணிந்திருந்தாராம். நூற்றெட்டைத்தான் தப்பாக எண்ணிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் 'காயல்' என்று சொன்ன ஊர், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கும் பழையகாயல்தான் என்று அறிஞர் கால்டுவெல் கருதினார். அங்கே தோண்டிப் பார்த்து, சீனப் பீங்கான் ஓடுகளையும் கண்டெடுத்தார். தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து, இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. அன்றோ, ஏடனிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்த பெரிய துறைமுகம் அது. அந்த ஊர் அரசர் வெளிநாட்டு வணிகர்களை நன்றாக நடத்தினார், அதனால் அவர்கள் ஆசையாக வந்தார்கள் என்று மார்க்கோ போலோ பாராட்டுகிறார். குதிரைகள் பாடுதான் பரிதாபம்! அவற்றுக்கு இறைச்சி கலந்த சோறு போட்டார்களாம். பாவம், எப்படிப் பிழைக்கும்?

முத்துக்குளிப்பையும் விவரமாகச் சொல்கிறார். ஏப்ரல் முதல் மே மாதம் பாதி வரை படகுகள் கடலில் நிற்கும். ஆட்கள் மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு! நம் பக்கத்தில் அவரைக் 'கடல்கட்டி' என்பார்கள். இரவானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவாராம். ஏன்? சுறாவுக்குப் பயந்து திருடர்கள் இறங்கமாட்டார்கள் அல்லவா! மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, மூழ்குகிறவருக்குத் தைரியம் வந்திருக்கும்.

'சலாபம்' என்று நாம் சொல்லும் அந்த முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-ல். பிறகு 1973-ல், இதே தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது தனிக் கதை.

அந்த வெளிநாட்டுப் பையனை மறந்துவிட்டேனே! சிரித்த பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இலையில் சோற்றைப் பிசைந்து உருட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அவனும் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினான். சாயங்காலம் வேனில் ஏறுவதற்கு முன்னால், ஆயாவிடம் போய்ச் சைகையால் சொம்பைக் கேட்டு வாங்கினான். மறுபடியும் அண்ணாந்தான். இந்தத் தடவை பாதித் தண்ணீர் வாய்க்குள் போயிற்று.